கயிறு இரண்டு, கணக்கு வேறு

நம் சங்கக் குடும்பங்களில் பலருக்கு ஆலையும் பட்டறையும்தான் பிழைப்பு. ரயில்வே பட்டறையில் இருந்து ஓய்வு பெற்ற டிப்ளமாக்காரன் என்ற முறையில், கனமான இயந்திரங்களை இடம் மாற்றும்போது நேரும் விபத்துகளைப் பற்றிச் சில சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் வீட்டில் துணி உலர்த்தும் கொடியைப் பாருங்கள். தொய்வாகக் கட்டிய கொடியில் ஈரப் போர்வையைப் போட்டால் ஆணி தாங்கும். விறைப்பாக இழுத்துக் கட்டிய கொடியில் அதே போர்வை ஆணியையே பிடுங்கிவிடும். போர்வையின் எடை கூடவில்லை. கயிறு படுக்கைவாட்டுக்கு நெருங்க நெருங்க, அதில் ஏறும் இழுவைதான் கூடுகிறது.

கிரேன் கொக்கியிலிருந்து இரண்டு கால்களாக இறங்கும் எஃகுக் கயிற்றுக்கும், அதாவது ஸ்லிங்குக்கும், இதே விதிதான். 2 டன் மோட்டார் ஒன்றைத் தூக்குவதாக வைத்துக்கொள்வோம். கால்கள் படுக்கைக் கோட்டுக்கு 60 டிகிரி சாய்வில் நின்றால் ஒவ்வொன்றிலும் ஏறுவது சுமார் 1.15 டன். 45 டிகிரியில் 1.4 டன். 30 டிகிரிக்குச் சரிந்துவிட்டாலோ ஒவ்வொரு காலும் முழு 2 டன் இழுவையைத் தாங்கியாக வேண்டும்! "இரண்டு கயிறு, ஆளுக்கு 1 டன்" என்பது இரண்டும் செங்குத்தாகத் தொங்கினால்தான் சரி. கூரை தாழ்வு என்று குட்டைக் கயிறு போடும் இடங்களில் இதை யாரும் யோசிப்பதில்லை. கயிறு அறுந்த பிறகு, "கயிறு மட்டம்" என்பார்கள்.

கிரேன் இல்லாத சிறு பட்டறைகளில், லாரியிலிருந்து இறக்கிய லேத்தை இரும்புக் குழாய்களின் மேல் உருட்டிக்கொண்டு போவார்கள். குழாய் கோணிக்கொண்டால் சட்டென்று கையால் திருப்புவது வழக்கம். விரல் போவது அங்கேதான். சுத்தியலால் தட்டினால் போதும். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் இப்படி வலக்கையில் மூன்று விரல்களை இழந்த கலாசி ஒருவர், நாற்பது வயதுக்கு மேல் இடக்கையால் சாப்பிடப் பழகினார்.

ஜாக்கி வைத்துத் தூக்கும்போது, ஏற ஏற அடியில் கட்டை அடுக்கிக்கொண்டே வரவேண்டும். வெறும் ஜாக்கியை நம்பிக் கையை உள்ளே விடலாகாது.

கிரேன், சங்கிலி, கயிறு ஆகியவற்றைத் தகுதி பெற்றவர் 12 மாதத்துக்கு ஒருமுறையாவது சோதிக்க வேண்டும், தாங்கும் சுமையை அவற்றின் மேலேயே குறிக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு விதித்தது. ஸ்லிங்கின் தகட்டில் உள்ள டன் அளவு எந்தக் கோணத்துக்கு என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். தகடு உதிர்ந்துபோன ஸ்லிங்கை எடுத்து ஓரமாக வைத்துவிடலாம்.