ஒரு தேர்வு எவ்வளவு தாங்கும்?

அன்புள்ள தங்கைக்கு,

எல்லாருக்கும் ஒரே வினாத்தாளைக் கொடுத்து, அதில் வாங்கும் மதிப்பெண்ணை வைத்துத் தலைவிதியைத் தீர்மானிக்கும் இந்தப் பொதுத்தேர்வு முறையை ஒழித்துவிட்டால் என்ன என்று கேட்டிருந்தாய். பிளஸ் ஒன் படிக்கிற வயதில் இந்தக் கேள்வி வராவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். ஆனால் உன் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒரே வினாத்தாள் வைப்பது ஒன்று. அதை மட்டுமே வைத்து எல்லாவற்றையும் முடிவு செய்வது வேறொன்று. முதலாவது வேண்டும் என்பது என் கட்சி. கோளாறெல்லாம் இரண்டாவதில் இருக்கிறது.

பொதுவான எழுத்துத் தேர்வை நம்பாமல் ஆளைப் பார்த்து மதிப்பெண் போட்டால் என்ன ஆகும் என்று ஊகிக்க வேண்டியதில்லை. 1970இல் தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் நேர்முகத் தேர்வுக்கு 75 மதிப்பெண் இருந்தது. அதை வழங்கிய விதம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லும் அளவுக்கு விவகாரம் முற்றியது. எதிரே உட்கார்ந்திருப்பவரின் பேச்சு, உடை, ஊர், அப்பா பெயர், அதன் வழியே சாதி எல்லாம் தெரிந்த பிறகு போடுகிற மதிப்பெண் எப்படி இருக்கும் என்று நீயே யோசித்துப் பார். பிளஸ் டூ விடைத்தாளைத் திருத்துகிற ஆசிரியர் கையில் இருப்பதோ முகப்புத் தாள் கிழிக்கப்பட்ட, பெயர் தெரியாத தாள். எழுதியது கலெக்டர் மகளா, கரும்பு வெட்டுகிறவர் மகளா என்று அவருக்குத் தெரியாது. சிபாரிசுக்கு ஆளில்லாத வீட்டுப் பிள்ளைக்கு அந்தத் தெரியாமைதான் பாதுகாப்பு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் கொரோனா காலத்தில் சாட் என்ற பொது நுழைவுத் தேர்வின் மதிப்பெண் கேட்பதை நிறுத்திப் பார்த்துவிட்டு 2022இல் திரும்பக் கொண்டுவந்தது. வசதி குறைந்த இடத்திலிருந்து வரும் திறமைசாலிகளை அந்த மதிப்பெண் இல்லாமல் கண்டுபிடிப்பது கடினமாக இருக்கிறது என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. தேர்வே ஏழைக்கு எதிரி என்று பேசுகிறவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

சரி, அவ்வளவு நல்லதென்றால் ஏன் இத்தனை புலம்பல்? நம் மாநிலத்தின் நாற்பதாண்டுக் கதையைப் பார். 1984 முதல் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு இருந்தது. பிளஸ் டூ மதிப்பெண்ணும் அதுவும் சேர்ந்து கட்-ஆஃப் ஆனது. நுழைவுத் தேர்வுப் பயிற்சி நகரத்துப் பிள்ளைகளுக்குத்தான் எட்டுகிறது என்று 2006இல் சட்டம் இயற்றி அதை எடுத்தார்கள். சொன்ன காரணம் நியாயமானது. ஆனால் முழுப் பாரமும் பிளஸ் டூ மதிப்பெண் மேல் இறங்கியது. நாமக்கல், ராசிபுரம் பக்கத்து விடுதிப் பள்ளிகள் செழித்தன. ஜனங்கள் அந்த வகைக்கு வைத்த பெயர் பிராய்லர் பள்ளி. பிளஸ் ஒன் புத்தகத்தைப் பெயருக்குப் புரட்டிவிட்டு, இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடம். அதிலும் புளூ பிரிண்டைப் பார்த்து எங்கே எத்தனை மதிப்பெண் என்று கணக்குப் போட்டு, வேண்டாததைத் தள்ளி, வேண்டியதை வரி மாறாமல் எழுதிப் பழகுவது. கணக்கில் 200க்கு 200 வாங்கியவர்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். பொறியியல் கலந்தாய்வில் மதிப்பெண்களெல்லாம் சமமாகிப்போனால் பிறந்த தேதியைப் பார்க்க வேண்டும். அதுவும் சமமானால் சமவாய்ப்பு எண். மாணவரைப் பிரித்துக் காட்டுவதற்கென்று வைத்த தேர்வு கடைசியில் குலுக்கல் சீட்டிடம் போய் நின்றது.

பிறகு 2017இல் மருத்துவச் சேர்க்கைக்கு நீட் நுழைவுத் தேர்வு வந்தது. கதை மாறவில்லை, கடை மாறியது. நீட்டின் விளைவை ஆராய்ந்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021இல் தந்த அறிக்கையின்படி, மருத்துவ இடம் பெற்றவர்களில் மறுமுறை எழுதியவர்களின் பங்கு 2016-17இல் சுமார் 12 விழுக்காடு. 2020-21இல் சுமார் 71. பள்ளியை முடித்த பிறகும் ஓராண்டு, ஈராண்டு கட்டணம் கட்டிப் பயிற்சிக்குப் போக எந்த வீட்டால் முடியும் என்பதைத்தான் அந்த எண் காட்டுகிறது. அதற்காக, நீட்டுக்கு முன்னால் எல்லாம் சரியாக இருந்தது என்று சொல்கிறவர்களையும் அப்படியே நம்பிவிடாதே. பிளஸ் டூ மதிப்பெண்ணில் சேர்த்த காலத்திலும் அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவத்துக்குப் போனவர்கள் ஆண்டுக்குச் சில பத்துப் பேர்தான். அந்த எண்ணிக்கையை நானூறை ஒட்டிக் கொண்டுபோனது அரசுப் பள்ளி மாணவருக்கென்று 2020இல் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு. எந்தத் தேர்வும் அதைச் செய்யவில்லை.

ஓர் அளவை வைத்து முடிவுகள் எடுக்க எடுக்க அந்த அளவே கெட்டுப்போகும் என்று டொனால்ட் கேம்ப்பெல் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970களிலேயே எழுதினார். உதாரணத்துக்கு, அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் ஆசிரியர்களின் வேலையும் ஊக்கத்தொகையும் மாணவரின் தேர்வு மதிப்பெண்ணோடு கட்டப்பட்டன. 44 பள்ளிகளில் ஆசிரியர்களும் தலைமை ஆசிரியர்களுமாக 178 பேர் முறைகேட்டில் சம்பந்தப்பட்டிருந்ததாக 2011இல் அந்த மாநில விசாரணை சொன்னது. பிள்ளைகளின் தப்பான விடைகளை அழித்துச் சரியான விடையைப் போட்டிருக்கிறார்கள். நம் ஊரில் அப்படி அழிக்க வேண்டிய அவசியம்கூட வரவில்லை. நாம் பாடத்தையே சுருக்கிக்கொண்டோம். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி எண்பது விழுக்காட்டைத் தாண்டியிருந்த அதே காலத்தில், தமிழ்நாட்டின் 15 வயதுப் பிள்ளைகளில் ஒரு மாதிரிக் கூட்டம் பீசா என்ற பன்னாட்டுத் தேர்வை எழுதியது. யாருக்கும் சீட்டு கிடைக்காத, யாரும் ஃபெயிலாகாத தேர்வு. 2011 டிசம்பரில் முடிவு வந்தபோது, பங்கேற்ற 74 நாடுகள், பகுதிகளின் பட்டியலில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கடைசி வரிசையில் இருந்தன.

கேள்விகள் நம் பிள்ளைகளின் சூழலுக்கு அந்நியமானவை என்று இந்தியா சொன்னது. அடுத்த சுற்றுகளில் கலந்துகொள்ளவும் இல்லை. அந்த வாதத்தில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் 2012இல் முதன்முதலாகக் கலந்துகொண்ட வியட்நாம், பல பணக்கார நாடுகளைக் கணிதத்தில் முந்தியது. பள்ளியை விட்டு நின்றுபோன வியட்நாம் பிள்ளைகள் அந்தக் கணக்கில் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதைக் கழித்துப் பார்த்தாலும், அந்நியத்தன்மை என்ற ஒரே சொல்லுக்குள் நம் சரிவு முழுவதையும் அடைத்துவிட முடியாது. தேர்ச்சி விழுக்காடு சொல்லாத ஏதோ ஒன்றை அந்தத் தேர்வு சொன்னது. அதை மேலும் கேட்டிருக்க வேண்டும்.

பாரத்தைக் குறைத்தால் பிள்ளைகள் படிக்க மாட்டார்கள் என்பார்கள். பாரத்தை ஏற்றியபோது ஒரு வருஷத்துப் புத்தகத்தையே தாண்டிப் போனார்களே, அதைவிடப் படிக்காமை என்ன இருக்கிறது? ஆகவே இரண்டு வேலைகளையும் பிரிக்க வேண்டும் என்கிறேன். பள்ளிகள் எப்படி நடக்கின்றன என்று அறிய, மாதிரிக்குச் சில பிள்ளைகளைக் கொண்டு, யாருடைய பெயரும் வெளியே வராமல், தேசிய அடைவுத் தேர்வு போன்ற ஒன்றை ஒழுங்காக நடத்தினால் போதும். சீட்டுக்கு ஆளெடுக்கப் பொதுத்தேர்வு இருக்கட்டும். ஆனால் மனப்பாடத்தால் கடக்க முடியாத கேள்விகளோடும், படித்த பள்ளியைக் கணக்கில் எடுக்கும் ஒதுக்கீட்டோடும் இருக்கட்டும். 2017இல் முதலிட அறிவிப்பை நிறுத்தியதும், புளூ பிரிண்டைக் கைவிட்டதும் அந்தத் திசையில் எடுத்த நல்ல முடிவுகள்.

அதே கையோடு பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வைத்ததுதான் எனக்கு உடன்பாடில்லாதது. அது நோயையே மருந்தாகக் கொடுத்த கதை. 2025இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அதை எடுத்துவிட்டது. எடுத்தது சரிதானா என்பது, பழையபடி பிளஸ் ஒன் பாடத்தைத் தள்ளிவிடுகிறார்களா என்பதைப் பொறுத்தது. அதை எடுத்த பிறகு வந்த முதல் பிளஸ் ஒன் வகுப்பு உன்னுடையதுதான். உங்கள் பள்ளியில் இப்போது எந்த வருஷத்துப் புத்தகத்தை நடத்துகிறார்கள் என்பதை அடுத்த கடிதத்தில் மறைக்காமல் எழுது.

அன்புடன்,
அண்ணன்