சிறார் உள்ளத்தில் அநேகாந்தம்

அநேகாந்தத்தைக் கற்றறிந்தோர்க்குரிய தர்க்கமாகவே நாம் கருதி வருகிறோம். ஆயினும் அது முதலில் வேரூன்ற வேண்டிய நிலம், தொடக்கப் பள்ளியில் பயிலும் சிறாரின் உள்ளமாகும்.

நம் பிள்ளைகளின் வகுப்பில் சமணச் சிறார் பெரும்பாலும் ஓரிருவரே இருப்பர். இரவுண்ணாமை பற்றியும், கிழங்கு விலக்குதல் பற்றியும் உடன் பயில்வோர் வினவுவர். அவ்வேளை நம் பிள்ளை நாணித் தன் நெறியை மறைக்கலாம். அன்றிப் பிறர் உணவை இழித்துரைக்கலாம். முன்னது தன்மதிப்பைக் குலைக்கும். பின்னது சொல்லால் இழைக்கும் இம்சையாகும்.

பிறர் நோக்கை உணர்தல் சிறாருக்கு இயலுமா? ஸ்விட்சர்லாந்து நாட்டு உளவியல் அறிஞர் பியாஜே, இன்ஹெல்டருடன் 1948இல் வெளியிட்ட நூலில் ஓர் ஆய்வை விளக்கினார். மூன்று மலைகளின் உருவமைப்பைக் காட்டி, எதிர்ப்புறமுள்ள பொம்மைக்கு அது எவ்வாறு தோன்றும் என வினவியபோது, இளஞ்சிறார் தாம் கண்ட காட்சியையே சுட்டினர். பின்னர் 1970களில் மார்ட்டின் ஹியூஸ் என்பார், காவலர் கண்ணிற்படாமல் ஒரு பொம்மையை ஒளித்து வைக்கும் விளையாட்டாக அதனை மாற்றினார். ஐந்து வயதிற்குட்பட்டோரும் பெரும்பாலும் சரியாகவே விடையளித்தனர். பழகிய சூழலில் வினவினால் இத்திறன் எளிதில் வெளிப்படும் என்பது இதனால் புலனாகிறது.

யானையைத் தடவிய குருடர் கதையை நாம் அனைவரும் கூறுகிறோம். கேட்கும் பிள்ளையோ தன்னைக் கண்ணுள்ளவனாகவே எண்ணி நகைக்கிறது. குருடர் எவரும் பொய்யுரைக்கவில்லை என்பதை உணர்த்த வேண்டும். "யானை முறமே" என்ற ஏகாரத்தில்தான் பிழை உள்ளது. பவணந்தி முனிவரின் நன்னூல் ஏகாரத்திற்குப் பிரிநிலைப் பொருளையும், உம்மைக்கு எச்சப் பொருளையும் கூறுகிறது. பிரிநிலை ஏகாரம் பிறவற்றை விலக்கும். எச்ச உம்மை பிறவற்றிற்கு இடமளிக்கும். "முறம் போன்றும் உள்ளது" எனப் பேசப் பழக்குதலே அநேகாந்தத்தின் முதற்பாடம்.

இல்லத்தில் செய்யத்தக்கவை:

1. உடன்பிறந்தோர் பூசலிட்டால், தீர்ப்புரைக்குமுன் ஒருவர் கருத்தை மற்றவர் வாயால் கூறச் செய்க. உரியவர் "ஆம்" என்று ஏற்கும்வரை கூறட்டும்.

2. "அவன் செய்வது தவறு" எனப் பிள்ளை கூறின், "அவன் வீட்டார் என்ன காரணம் கூறுவர்?" என வினவுக.

3. "மின்விளக்கு இருக்க, இரவில் ஏன் உண்ணலாகாது?" எனக் கேட்டால் கடிந்துகொள்ளாதீர். ஒளியை நாடிச் சிற்றுயிர்கள் வருவதை விளக்கருகே காட்டுக. வினாவை அடக்கும் பெற்றோர் ஏகாந்தத்தையே கற்பிக்கின்றனர்.

எனினும், எல்லாக் கருத்தும் ஒன்றே என்பது அநேகாந்தம் ஆகாது. எளியாரை வருத்துதற்கு எந்த நோக்கிலும் நியாயம் இல்லை. தன் நெறியில் உறுதியும் பிறர் சொல்லைக் கேட்கும் பொறுமையும் ஒருங்கே அமைந்த பிள்ளை, நாணவும் வேண்டா, இகழவும் வேண்டா. அத்தகைய சிறாரை வளர்த்தல் நம் ஒவ்வோர் இல்லத்தின் கடமையாகும்.