சுகம் தாமதிக்கும்போது...

வேதபாடம்: மாற்கு 5:21-43



உபவாச ஜெபம் முடிந்து எல்லாரும் எழுந்து போனபிறகு, பின்வரிசையில் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருப்பார். கிட்டே போய்க் கேட்டால், "பாஸ்டர், எத்தனையோ பேருக்கு ஆண்டவர் சுகம் கொடுக்கிறார். எனக்கு மட்டும் ஏன் இன்னும் கொடுக்கல?" என்பார். இந்தக் கேள்வி இல்லாத சபையே கிடையாது. நம் தேவன் சுகமளிக்கிற தேவன், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் சுகம் தாமதிக்கும்போது விசுவாசி எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது? இதைத்தான் இந்த மாதம் தியானிக்கப்போகிறோம்.

1. ஒரே வழியில் இரண்டு பேர்

யவீருவின் மகளுக்கு வயது 12. பெரும்பாடுள்ள ஸ்திரீ வியாதியாயிருந்ததும் 12 வருஷம். அந்தப் பிள்ளை பிறந்த நாட்களில் இவளுடைய வேதனை ஆரம்பித்திருக்கிறது. வைத்தியர்களிடம் போய்ப்போய்க் கையிலிருந்த காசெல்லாம் தீர்ந்தது, வியாதியோ கூடிப்போனது.

இன்னொரு வேதனையும் இருந்தது. லேவியராகமம் 15-ம் அதிகாரத்தின்படி அவள் தீட்டுள்ளவள். அவள் படுத்த பாயையும் உட்கார்ந்த மணையையும் தொடுகிறவனுக்கும் தீட்டு. அப்படியானால் 12 வருஷமாக யார் அவளைக் கட்டிப்பிடித்து ஆறுதல் சொல்லியிருப்பார்கள்? அதனால்தான் முன்னால் வரப் பயந்து, பின்னால் வந்து வஸ்திரத்தைத் தொட்டாள். அந்த நிமிஷமே சுகம்! அல்லேலூயா!

ஆனால் ஆண்டவர் அவளை அப்படியே போகவிடவில்லை. நின்றார், யார் தொட்டது என்று கேட்டார். அவளை வெட்கப்படுத்தவா? இல்லை. சரீரம் குணமானது அவளுக்கு மட்டும்தான் தெரியும். ஊருக்கு அவள் இன்னும் தீட்டுள்ளவளே. எல்லார் முன்பாகவும் அவளை மகளே என்று அழைத்து, ஜனங்களோடு அவளைச் சேர்த்துவைத்தார். சரீர சுகத்தோடு அவர் நிறுத்துகிறவர் அல்ல.

இப்போது யவீருவைப் பாருங்கள். வீட்டில் பிள்ளை சாகக் கிடக்கிறாள். ஒவ்வொரு நிமிஷமும் அவனுக்கு ஒரு யுகம். ஆண்டவரோ வழியில் நின்று ஒரு ஸ்திரீயிடம் பேசிக்கொண்டிருக்கிறார்! பேசி முடிப்பதற்குள், பிள்ளை மரித்துப்போனாள் என்று ஆள் வந்துவிட்டது. ஒருத்திக்கு அற்புதமாயிருந்த அதே நேரம், இன்னொருவனுக்குத் தாமதமாய் இருந்தது. யவீருவை அவர் மறந்துவிட்டாரா? இல்லையே! பயப்படாமல் விசுவாசமாயிரு என்று சொல்லி அவன்கூடவே நடந்தார். பிரியமானவர்களே, அடுத்தவர் சாட்சி சொல்லும்போது உங்கள் உள்ளம் உடைகிறதா? ஆண்டவர் இன்னும் உங்கள் வீட்டுக்குப் போகிற வழியில்தான் இருக்கிறார்.

2. வியாதிக்குக் காரணம் பாவம்தானா?

பக்கவாதம் வந்து படுக்கையிலிருக்கிற கணவரைப் பல வருஷமாய்ப் பார்த்துக்கொள்கிற ஒரு சகோதரி, திடீரென்று ஆராதனைக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். வீடு தேடிப்போய் விசாரித்தால், ஜெபிக்க வந்த யாரோ ஒருவர், "உங்க வீட்ல ஏதோ மறைவான பாவம் இருக்கு, அதான் கட்டு அவிழல" என்று சொல்லிப்போனாராம். அந்த அம்மா ராத்திரியெல்லாம் தூங்காமல், என்ன பாவம் செய்தோம், என்ன பாவம் செய்தோம் என்று தேடிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

பாவத்தினால் வியாதி வருவதும் உண்டு என்று வேதம் சொல்லுகிறது. அதை உணர்த்துகிறவர் பரிசுத்த ஆவியானவர். ஆனால் எல்லா வியாதிக்கும் அதுவே காரணம் என்று வேதம் சொல்லவில்லை. யோவான் 9-ல் பிறவிக் குருடனைப் பார்த்து, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டார்கள். இவனும் அல்ல, இவனைப் பெற்றவர்களும் அல்ல என்று ஆண்டவர் தெளிவாய்ச் சொல்லிவிட்டார். யோபுவின் சிநேகிதர் ஏழுநாள் வாய்திறவாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் அதுதான்! வாயைத் திறந்து குற்றஞ்சாட்டிய பிறகுதான் கர்த்தருடைய கோபம் அவர்கள்மேல் வந்தது (யோபு 42:7). ஆகவே வியாதிக்காரரிடம் போகும்போது எண்ணெய்க் குப்பியைக் கொண்டுபோங்கள், குற்றப்பத்திரிகையைக் கொண்டுபோகாதீர்கள்.

3. ஜெபமும் மருந்தும்

"மாத்திரை சாப்பிட்டால் விசுவாசம் இல்லைன்னு அர்த்தமா?" என்று வாலிபர்கள் கேட்கிறார்கள். எசேக்கியா ராஜா சுவர்ப்புறமாய்த் திரும்பி அழுது ஜெபித்தான். கர்த்தர் 15 வருஷத்தைக் கூட்டிக்கொடுத்தார். வாக்குத்தத்தம் கொடுத்த பிறகும் ஏசாயா செய்தது என்ன? அத்திப்பழத்து அடையைப் பிளவையின்மேல் போடச் சொன்னார் (2 இராஜாக்கள் 20:7). சுகம் கொடுத்தவர் கர்த்தர். அத்திப்பழத்தை உண்டாக்கினவரும் அவரே. பவுலோடு ஊழியஞ்செய்த லூக்கா ஒரு வைத்தியர். தீமோத்தேயுவின் வயிற்றுக்கோளாறுக்கு என்ன எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பவுலே எழுதியிருக்கிறார்.

பத்து குஷ்டரோகிகளை ஆண்டவர் எங்கே அனுப்பினார்? ஆசாரியனிடத்தில். சுகமானவனைச் சோதித்துப் பார்த்து, சுத்தமானவன் என்று தீர்ப்புச் சொல்லுவது அந்நாளில் ஆசாரியனுடைய வேலை. தாம் செய்த அற்புதத்தைச் சோதித்துப் பார்க்க ஆண்டவர் பயப்படவில்லை. நாம் ஏன் பயப்பட வேண்டும்? சுகமடைந்தேன் என்று விசுவாசிக்கிறீர்களா? ஸ்தோத்திரம்! டாக்டரிடம் போங்கள், பரிசோதனை செய்யுங்கள், மருந்து போதும் என்று அவர் சொல்லட்டும். அந்தச் சாட்சியை ஊரே கேட்கும்.

காசநோய்க்குச் சாதாரணமாக 6 மாத மருந்து கொடுக்கிறார்கள். சில வாரங்களிலேயே இருமல் குறைந்து, பசி எடுக்க ஆரம்பிக்கும். சுகமாயிற்று என்று நடுவில் நிறுத்தினால் கிருமி முழுவதும் சாகாமல், அந்த மருந்துக்கே அடங்காததாகித் திரும்பிவரலாம். வலிப்புக்குச் சாப்பிடுகிற மாத்திரையையும், சர்க்கரை வியாதிக்குப் போடுகிற இன்சுலினையும் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. மருந்தே வேண்டாம் என்று வைராக்கியமாயிருக்கிற பக்தர்களும் உண்டு. அவர்களுடைய பக்தியை நான் குறைசொல்லவில்லை. ஆனால் பெற்ற பிள்ளையின் மாத்திரையையோ, அடுத்தவர் மாத்திரையையோ பிடுங்கிப்போடுவது விசுவாசம் அல்ல.

4. சுகம் வராமலே போனால்?

கேட்கக் கஷ்டமான கேள்விதான். ஆனாலும் வேதம் இதை மறைக்கவில்லை. பவுலின் சரீரத்திலிருந்து எடுத்த உறுமால்கள் பட்டு வியாதிகள் நீங்கின. அதே பவுல் துரோப்பீமுவை வியாதிப்பட்டவனாகவே மிலேத்துவில் விட்டுவந்தார் (2 தீமோத்தேயு 4:20). தன்னுடைய முள்ளுக்காக மூன்றுதரம் மன்றாடினார். முள் நீங்கவில்லை, கிருபை வந்தது.

நம் திருநெல்வேலிச் சீமையிலேயே ஒரு சாட்சி உண்டு. 1895-ல் இந்தியாவுக்கு வந்து, டோனாவூரில் ஆபத்திலிருந்த பிள்ளைகளை எடுத்து வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், 1931-ல் களக்காட்டில் இருட்டில் ஒரு குழிக்குள் விழுந்து காலை முறித்துக்கொண்டார்கள். அதற்குப்பின் 1951-ல் கர்த்தருக்குள் நித்திரையடையும்வரை, ஏறக்குறைய 20 வருஷம், பெரும்பாலும் ஒரே அறைக்குள் வேதனையோடு வாழ்ந்தார்கள். அந்த அறையிலிருந்தே பல புத்தகங்கள் எழுதினார்கள். வியாதிப்பட்டவர்களுக்கென்றே ஒரு புத்தகமும் எழுதினார்கள். படுக்கையிலிருந்த ஒருவர், படுக்கையிலிருக்கிறவர்களுக்கு எழுதியது. அவர்களுக்கு விசுவாசம் குறைவு என்று யார் சொல்லக்கூடும்?

நம்முடைய நம்பிக்கை நம் விசுவாசத்தின் அளவில் இல்லை, நாம் விசுவாசிக்கிறவர்மேல் இருக்கிறது. விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்க உதவிசெய்யும் என்று கதறின தகப்பனை அவர் தள்ளவில்லை. இங்கே கிடைக்காத சுகமும் உயிர்த்தெழுதலின் நாளில் நிச்சயமாய்க் கிடைக்கும். அந்த நாளில் ஊன்றுகோலுக்கு வேலையில்லை. ஆமென்!

5. சபை செய்யவேண்டியது

யாக்கோபு 5:14-ன்படி வியாதிக்காரன் கூப்பிட வேண்டும், மூப்பர்கள் போகவேண்டும். ஒருதரம் போய் ஜெபித்துவிட்டு மறந்துபோகக் கூடாது. திமிர்வாதக்காரனை நாலுபேர் சுமந்து, கூரையைப் பிரித்து இறக்கினார்கள். ஆண்டவர் அவர்களுடைய விசுவாசத்தையும் கண்டார். விசுவாசிக்கப் பெலனில்லாதவனுக்காக நாலுபேர் விசுவாசிக்கலாம்! கஞ்சி கொண்டுபோங்கள். ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி துணைக்குப் படுத்திருங்கள். இரவும் பகலும் பார்த்துக்கொள்கிறவர் இரண்டு மணிநேரம் தூங்கட்டும், நீங்கள் கட்டிலருகே உட்காருங்கள். இதுவும் சுகமளிக்கும் ஊழியமே.

ஜெபிப்போம்: அன்புள்ள பரலோகப் பிதாவே, படுக்கையிலிருந்து இதை வாசிக்கிற உம்முடைய பிள்ளையை இப்பொழுதே தொடும். சுகம் தாரும். சுகம் தாமதித்தால் கிருபை தாரும். குற்றஞ்சாட்டுகிற சத்தத்தை அடக்கி, மகனே, மகளே என்று நீர் அழைக்கிற சத்தத்தைக் கேட்கப்பண்ணும். எங்களையும் கட்டிலைச் சுமக்கிற நாலுபேராக்கும். இயேசுவின் நாமத்தில் பிதாவே, ஆமென்.