பழைய கார் வாங்குமுன் பின் ஆக்ஸிலை எண்ணிப் பாருங்கள்



மூட்டையின் மேல் எழுதியிருக்கும் எடையை நம்பி நாம் பணம் கொடுப்பதில்லை. தராசில் ஏற்றிப் பார்த்த பிறகே கல்லாவைத் திறக்கிறோம். ஆனால் பழைய கார் வாங்கப் போனால் மட்டும், "லிட்டருக்கு இவ்வளவு கொடுக்கும்" என்று விற்பவர் சொல்வதை அப்படியே கேட்டுக்கொள்கிறோம். அந்தக் கணக்கு சரியா என்பது வண்டியின் பின் ஆக்ஸிலுக்குள் இருக்கும் இரண்டு பற்சக்கரங்களைப் பொறுத்தது. அதை வண்டியைப் பிரிக்காமலே கண்டுபிடிக்கும் வழியை இங்கே சொல்கிறேன்.

உதாரணத்திற்கு மோரிஸ் மைனரை எடுத்துக்கொள்வோம். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948-ல் இங்கிலாந்தில் வெளிவந்த கார் இது. 1950களில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் இதையே 'பேபி ஹிந்துஸ்தான்' என்ற பெயரில் நம் நாட்டில் விற்றது. இலங்கையில் இன்றும் பல வண்டிகள் ஓடுகின்றன.

ரேஷியோ என்றால் என்ன?

கியர் பெட்டியிலிருந்து பின்பக்கம் வரும் நீளத் தண்டு புரொப்பெல்லர் ஷாப்ட். அதன் முனையில் பினியன் என்ற சிறு பற்சக்கரம் சுழலும். அது கிரவுன் வீல் என்ற பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றும். பெரியதில் 41 பல், சிறியதில் 9 பல் என்றால், 41-ஐ 9-ஆல் வகுக்க 4.55 வரும். அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாப்ட் நாலரைக்குச் சற்று மேல் சுற்ற வேண்டும். 36-க்கு 8 என்று முழுக்கணக்காக நாலரை வைத்திருக்கலாமே என்று கேட்கலாம். அப்படி வைத்தால் ஒரு பல் எப்போதும் குறிப்பிட்ட சில பற்களையே சந்திக்கும். 41-க்கு 9 என்றால் ஒவ்வொரு பல்லும் எதிர்ச்சக்கரத்தின் எல்லாப் பற்களையும் சந்தித்து, தேய்மானம் சமமாக இருக்கும்.

எந்த வண்டிக்கு எது?

803 சிசி எஞ்சின் வண்டியில் 43-க்கு 8, அதாவது 5.375 வந்தது. 1956-ல் வந்த 948 சிசி காருக்கு 41-க்கு 9, அதாவது 4.55. 1962-ல் வந்த 1098 சிசி காருக்கு 38-க்கு 9, அதாவது 4.22. எண் பெரிதானால் இழுவை அதிகம், ஓட்டம் குறைவு. எண் சிறிதானால் ஓட்டம் அதிகம், மேட்டில் இழுவை குறைவு.

இந்த மூன்றும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தக்கூடியவை. எனவே கிடைத்ததை மாட்டி ஓட்டியிருக்க வாய்ப்பு உண்டு. எஞ்சினைப் பார்த்து ஆக்ஸிலை முடிவு செய்யக் கூடாது.

மீட்டர் எப்படித் தப்பாகும்?

ஸ்பீடாமீட்டர் கேபிள் கியர் பெட்டியிலிருந்து போகிறது. அது ஷாப்ட்டின் சுற்றைத்தான் அறியும், சக்கரத்தின் சுற்றை அறியாது. 4.22-க்கு அமைந்த மீட்டர் உள்ள வண்டியில் 4.55 ஆக்ஸில் இருந்தால், 100 கிலோமீட்டர் ஓடியதை 108 என்று காட்டும். மீட்டரைப் பார்த்து லிட்டருக்கு 14 என்று விற்பவர் சொன்னால் உண்மையில் கிடைப்பது 13. அவர் பொய் சொல்லவில்லை, படிக்கல்தான் தப்பு. இதற்கு நேர்மாறாக, 4.55 மீட்டருடன் 4.22 ஆக்ஸில் இருந்தால், முள் 60-ல் நிற்கும்போது வண்டி 65-ல் ஓடும். இது உயிருக்கே ஆபத்து.

எண்ணிப் பார்க்கும் முறை

1. சமதரையில் வண்டியை நிறுத்தி, முன் சக்கரங்களுக்கும் ஒரு பின் சக்கரத்திற்கும் கட்டை கொடுங்கள். கியரை நியூட்ரலில் வைத்து ஹேண்ட் பிரேக்கை விடுங்கள்.

2. மற்றொரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, ஆக்ஸிலுக்கு அடியில் உறுதியான ஸ்டாண்டு வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் தலை நுழைக்கக் கூடாது.

3. டயரிலும் ஷாப்ட்டிலும் சாக்பீஸால் கோடு போடுங்கள்.

4. ஒருவர் சக்கரத்தைக் கையால் சரியாக 20 சுற்று சுற்றட்டும். மற்றவர் ஷாப்ட்டின் சுற்றுகளை எண்ணட்டும்.

5. எண்ணியதைப் பத்தால் வகுத்தால் ரேஷியோ கிடைக்கும்.

20 சுற்றுக்குப் பத்தால் ஏன் வகுக்கிறோம்? ஒரு சக்கரம் தரையில் அசையாமல் நிற்க மற்றது மட்டும் சுற்றினால், டிஃபரன்ஷியலின் அமைப்பால் கிரவுன் வீல் பாதிதான் சுற்றும். ஆகவே சக்கரத்தின் 20 சுற்று கிரவுன் வீலுக்கு 10 சுற்று. ஷாப்ட் 42 சுற்றும் சிறிதும் வந்தால் 4.22. நாற்பத்தைந்தரை வந்தால் 4.55. ஐம்பத்து மூன்றே முக்கால் வந்தால் 5.375. இரண்டே சுற்று சுற்றிப் பார்த்தால் 4.22-க்கும் 4.55-க்கும் வித்தியாசம் தெரியாமல் போகலாம். 20 சுற்றில் மூன்று சுற்றுக்கு மேல் வித்தியாசம் வருவதால் தவறு நேராது.

பிறகு ரோட்டில் கிலோமீட்டர் கல்லைப் பார்த்து 10 கிலோமீட்டர் ஓட்டி, மீட்டருடன் ஒப்பிடுங்கள். மீட்டர் மைலில் இருந்தால் 10 கிலோமீட்டருக்கு 6.2 மைல் காட்ட வேண்டும். ரேஷியோ சரியாக இருந்தும் மீட்டர் மாறினால் டயர் அளவையும் மீட்டரையும் பாருங்கள்.

வாங்குவோர் கவனிக்க

ஆக்ஸில் மாறியிருப்பதாலேயே வண்டியை ஒதுக்க வேண்டியதில்லை. பின் சீட்டில் சரக்கு ஏற்றுபவருக்கு 4.55 நல்லதுதான். ஆனால் 803 சிசி எஞ்சினுக்கு 4.22 கொடுத்தால் மேட்டில் திணறும். மாற்றுவதாக இருந்தால் கிரவுன் வீலையும் பினியனையும் ஜோடியாகவே வாங்குங்கள். அவை ஒன்றோடொன்று இழைத்துச் சேர்த்தவை. ஒன்றை மட்டும் மாற்றினால் சத்தம் போட்டுப் பல் போய்விடும். ஆயில் ஹைப்பாய்டு 90 ஆக இருக்கட்டும்.

இந்தச் சோதனைக்கு ஒரு சாக்பீஸும் அரை மணி நேரமும் போதும். விலை பேசும் முன்பே செய்துவிடுங்கள். முன்பணம் கொடுத்த பிறகு எண்ணினால் கணக்கு மட்டும்தான் நமக்கு மிஞ்சும்.