ஸ்ரேறிங் தானாக இழுக்கிறது, நிறுத்திவிடலாமா?

கேள்வி: ஐயா, நான் லசாலில் இருக்கிறேன். வீடுகளுக்கு ஃபுளோரிங் போடும் வேலை. ஒன்றரை வருசத்துக்கு முன் பாவித்த பிக்கப் ஒன்று வாங்கினேன். லேன் கோட்டை விட்டு விலகினால் கீச்சிடும், ஸ்ரேறிங்கையும் தானே திருப்பும் வசதி அதில் இருக்கிறது. முதலில் நல்லது என்றுதான் நினைத்தேன். இப்போது வோத்ரெய் பக்கம் வேலை. ஒவ்வொரு நாளும் 40ஆம் நெடுஞ்சாலையில் பாலத்தைக் கடக்க வேணும். அங்கே செம்மஞ்சள் கூம்புகளுக்கு நடுவில் போகும்போது ஸ்ரேறிங் ஒரு பக்கம் இழுக்கிறது. போன மாதம் பக்கத்தில் இருந்த மனைவி பயந்து கத்தியே விட்டா. மற்ற ரோட்டுகளிலும் வலப்பக்கம் அடிக்கடி கீச்சிடுகிறது. முன் கண்ணாடியில் கல் அடித்து, மாசியில் மாற்றினேன். அதற்குப் பிறகு கூடிவிட்டது போலவும் இருக்கிறது. ஒரேயடியாக நிறுத்திவிடலாம் என்று பார்க்கிறேன். மகன் வேண்டாம் என்கிறான். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் காசு தராது என்றும் சொல்கிறான். எப்படி நிறுத்துவது? சட்டப் பிரச்சினை வருமா?

*லசால் வாசகர், மொன்றியல்*

பதில்: உங்கள் மனைவி பயந்தது நியாயம். பக்கத்துச் சீட்டில் இருப்பவர் கையில் ஸ்ரேறிங் இல்லை. கொங்கிரீட் தடுப்பு கிட்ட வருவது மட்டும்தான் அவர் கண்ணுக்குத் தெரியும்.

நேரடிப் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். நிறுத்தலாம். கனடாவில் இதை நிறுத்தி வைத்து ஓடுவது குற்றமில்லை. கம்பனியே அதற்குப் பட்டன் வைத்துத்தான் தருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 யூலையில் இருந்து புதிதாகப் பதிவாகும் கார்களுக்கும் வான்களுக்கும் லேன் காக்கும் வசதி கட்டாயம். இங்கே அப்படி ஒரு சட்டம் இல்லை. மகன் பயப்படும் இன்சூரன்ஸ் விசயமும் அவர் நினைக்கும் அளவுக்கு இல்லை. கியூபெக்கில் உடற்காயத்துக்கான நட்டஈடு 1978 மார்ச் முதல் அரசாங்கத் திட்டத்தின் கீழ் வருகிறது; அதை நடத்துவது எஸ்.ஏ.ஏ.கியூ என்ற அரச நிறுவனம். நட்டஈட்டைத் தரும்போது பிழை யாருடையது என்று பார்ப்பதில்லை. வாகனச் சேதம் மட்டும்தான் தனியார் இன்சூரன்ஸ். உங்கள் பொலிசியில் பாதுகாப்பு வசதிகளுக்கென்று ஏதும் கழிவு தந்திருந்தால், தரகரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் தம்பி, முழுவதையும் நிறுத்த முன் ஒன்றைக் கவனியுங்கள். நீங்கள் 'இது' என்று எழுதியிருப்பது இரண்டு வசதிகள். ஒன்று எச்சரிப்பது: கீச்சிடும், இல்லாவிட்டால் ஸ்ரேறிங்கோ சீட்டோ அதிரும். மற்றது திருப்புவது: மோட்டர் ஸ்ரேறிங்கை மெல்ல உள்ளே தள்ளும். உங்களுக்குக் கரைச்சல் தருவது பெரும்பாலும் இரண்டாவது. பல பிக்கப்புகளில் இரண்டையும் பிரிக்கலாம். ஃபோர்ட் எஃப்-150இல் பல ஆண்டு மாடல்களில் சிக்னல் தண்டின் நுனியில் பட்டன் இருக்கும். திரையில் செற்றிங்ஸுக்குள் போனால் எச்சரிக்கை மட்டும், உதவி மட்டும், இரண்டும் என்று மூன்று தெரிவு. ராம் 1500இல் நடுப் பலகைப் பட்டன் வரிசையில் அது இருக்கும். திரைக்குள் போய், எவ்வளவு முந்தி எச்சரிக்க வேணும், எவ்வளவு பலமாக இழுக்க வேணும் என்பதையும் குறைக்கலாம். செவ்ரோலே சில்வராடோவிலும் பட்டன் நடுப் பலகையில்தான். சீட் அதிரும் வசதி உள்ள மாடலானால் கீச்சொலிக்குப் பதிலாக அதை வைத்துக்கொள்ளலாம். ரொயோற்றாவில் ஸ்ரேறிங்கிலேயே பட்டன். பாவித்த வண்டி என்று எழுதியிருக்கிறீர்கள். திரை பிரெஞ்சில் இருந்து நீங்கள் திணறினால், வி-ஓ-ஐ-இ என்று எழுத்துக் கூட்டிய 'வுவா' என்ற சொல்லைத் தேடுங்கள். லேன் என்று பொருள்.

இனி அந்தப் பாலம். இல்-ஒ-தூர்த் பாலம் 1965இல் திறந்தது. அதைத் திருத்தும் வேலையாலும் பக்கத்திலேயே புதுப் பாலம் கட்டும் வேலையாலும் சில ஆண்டுகளாக அங்கே லேன்கள் குறைந்தும் இடம் மாறியும் வந்திருக்கின்றன. லேனை இடம் மாற்றும்போது பழைய வெள்ளைக் கோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுக் கோடு போடுவார்கள். சுரண்டிய இடத்தில் தழும்பு நிற்கும். மழை பெய்து, பின்னேர வெயில் முன்னால் அடிக்கும்போது பாருங்கள்: அந்தத் தழும்பு புதுக் கோட்டை விடப் பளிச்சென்று மின்னும். உங்கள் பின்பார்வைக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கமராவுக்குத் தெரிந்தது வெளிச்சமும் இருட்டும் சேரும் ஓரம் மட்டுமே. கூம்பைப் பார்த்து, 'ஓ, ரோட்டு வேலை நடக்கிறது' என்று விளங்கிக்கொள்ளும் மூளை அதற்கு இல்லை. பழைய தழும்பைக் கோடென்று நம்பி அதற்கு உள்ளே உங்களைத் தள்ளுகிறது. 2022 ஒக்ரோபர் கடைசியில் ஆறு லேன் மூன்றாகக் குறைந்த லா ஃபொன்ரேன் சுரங்கத்துப் பக்கம் ஓடுகிறவர்களும் இதே முறைப்பாட்டைத்தான் என்னிடம் சொல்கிறார்கள்.

பிக்கப்பின் அகலமும் சேர்ந்துகொள்கிறது. எஃப்-150 பக்கக் கண்ணாடிகள் இல்லாமலே ஏறக்குறைய 2.03 மீற்றர். வழக்கமான நெடுஞ்சாலை லேன் 3.7 மீற்றர். நட்டநடுவில் போனாலும் ஒரு பக்கத்துக்கு 83 சென்ரிமீற்றர்தான் மிச்சம். வேலை நடக்கும் இடத்தில் லேன் 3.2 மீற்றராகச் சுருங்கினால் அது 58 ஆகிவிடும். சின்னக் காரில் சத்தமே கேளாதவர் பிக்கப்புக்கு மாறியதும் நாள் முழுக்கக் கீச்சொலி கேட்பது இதனால்தான்.

ஆகவே கூம்புகள் தொடங்கும் இடத்துக்கு முன்பே திருப்பும் வசதியை நிறுத்திவிடுங்கள். இழுக்கத் தொடங்கிய பிறகு பட்டனைத் தேடாதீர்கள். ஸ்ரேறிங்கை உறுதியாகப் பிடியுங்கள். அந்த மோட்டரின் பலம் சிறியது, உங்கள் கை எப்போதும் அதை வெல்லும். இதை மனைவிக்கும் சொல்லுங்கள். பனி கொட்டும் நாளிலும் நான் நிறுத்தித்தான் ஓடுவேன். முன்னால் போன வண்டிகளின் சக்கரத் தடம், உப்புக் காய்ந்த வெள்ளைப் படலம் எல்லாம் கமராவுக்குக் கோடாகலாம். வழுக்கும் ரோட்டில் எனக்குத் தெரியாமல் ஸ்ரேறிங் அசைவதை நான் விரும்புவதில்லை. பங்குனி, சித்திரையில் குழிகளுக்கு விலகி விலகி ஓடும்போதும் அப்படியே.

எச்சரிக்கையை மட்டும் விட்டு வையுங்கள். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்புறுதி நிறுவனம் 2018இல் வெளியிட்ட ஆய்வில், லேன் விலகல் எச்சரிக்கை உள்ள வாகனங்களில் தனியாகத் தடம் விலகி மோதுவது, பக்கவாட்டில் உரசுவது, நேருக்கு நேர் மோதுவது ஆகிய விபத்துகள் 11 சதவீதம் குறைவு; அவற்றில் காயம் பட்டவை 21 சதவீதம் குறைவு. அதே நிறுவனம் அதற்கு முந்திய ஆண்டு விற்பனை நிலையங்களில் சேர்விசுக்கு வந்த வாகனங்களைப் பார்த்தபோது, ஏறக்குறையப் பாதியில் இந்த வசதியை நிறுத்தி வைத்திருந்தார்களாம். விடிய ஐந்து மணிக்கு எழும்பி, நாள் முழுக்க முழங்காலில் நின்று பலகை போட்டு, இருட்டிய பிறகு 40ஆம் நெடுஞ்சாலையில் திரும்பி வருகிறவர் நீங்கள். அந்த நேரத்தில் கண் ஒரு விநாடி சொக்கினால் எழுப்ப வேறு யார் இருக்கிறார்கள்?

சிக்னல் போட்டு லேன் மாறும்போது எச்சரிக்கை வாய் திறக்காது. அதனால் ஒரு கிழமைக்கு, வெறும் ரோட்டிலும் சிக்னல் போட்டே மாறிப் பாருங்கள். கீச்சொலியில் ஒரு பங்கு அங்கேயே அடங்கிவிடும்.

என்னை யோசிக்க வைத்தது நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி: மாசியில் கண்ணாடி மாற்றினேன், பிறகு கூடிவிட்டது. கமரா அந்தக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்கிறது. புதுக் கண்ணாடி போட்டால் கமராவைத் திரும்பவும் காலிபிரேஷன் செய்ய வேணும். சில மாடல்களுக்கு கராஜில் வண்டிக்கு முன் அடையாளப் பலகை நிறுத்திச் செய்வார்கள். சிலவற்றுக்குக் கணினியை மாட்டி, கோடு தெளிவான ரோட்டில் ஓட்டிச் செய்வார்கள். கமரா ஒரு பாகை திரும்பி நின்றாலே முப்பது மீற்றர் தூரத்தில் அரை மீற்றர் பிழைக்கும். உங்களுக்கு ஒரு பக்கத்தில் இருப்பதே 83 சென்ரிமீற்றர்.

வலப்பக்கம் அடிக்கடி கீச்சிடுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். நான் ஓட்டம் பழக்கிய காலத்தில் ஊரில் ஓடிப் பழகியவர்களிடம் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். அங்கே ஸ்ரேறிங் வலப்பக்கம். லேனின் வலப்பக்கம் உட்கார்ந்தே கண் பழகியிருக்கும். இங்கே இடப்பக்கச் சீட்டில் இருந்துகொண்டும் உடம்பு அந்தப் பழைய இடத்தையே தேடும். வண்டி முழுக்க வலப்பக்கம் நகர்ந்துவிடும், ஓட்டுகிறவருக்கே தெரியாது.

எது காரணம் என்று கண்டுபிடிக்க மகனைக் கூப்பிடுங்கள். இங்கேயே ஓட்டம் பழகியவராக இருந்தால் நல்லது. கோடு தெளிவாக உள்ள நேரான நெடுஞ்சாலைத் துண்டில், காய்ந்த நாளில், முதலில் நீங்கள், பிறகு அவர், ஒரே வேகத்தில் ஓடுங்கள். 70க்குக் கீழே போக வேண்டாம். பல பிக்கப்புகளில் 60ஐத் தாண்டினால்தான் இந்த வசதி வேலைசெய்யும். அவர் ஓடும்போது வாய் மூடி, நீங்கள் ஓடும்போது மட்டும் கீச்சிட்டால், வண்டியைக் கொஞ்சம் இடப்பக்கம் பிடிக்கப் பழகுங்கள். அவருக்கும் வலப்பக்கம் கீச்சிட்டால் பிழை கமராவில். கண்ணாடி மாற்றிய இடத்து பில்லை எடுத்துப் பாருங்கள். காலிபிரேஷன் என்று தனி வரி அதில் இல்லாவிட்டால் பில்லோடு அங்கேயே திரும்பிப் போய்ச் செய்து தரச் சொல்லுங்கள். இன்சூரன்ஸில் மாற்றியிருந்தால், அந்தச் செலவையும் அதே கோப்பில் சேர்க்கும்படி தரகரிடம் கேளுங்கள். அது முடியும்வரை வோத்ரெய் போய்வரும்போது திருப்பும் வசதி எங்கேயும் வேண்டாம்.