மனசுக்கும் வேண்டும் தினசரி கவனிப்பு

தருமபுரி மாவட்டத்தில் பல வீடுகளில் பிள்ளைகள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய்விட, பெரியவர்கள் தனியே இருக்கிறார்கள். பாலக்கோட்டில் தக்காளி விலை விழுந்தால், பயிரிட்டவருக்கு அன்றிரவு தூக்கம் வராது. இந்தக் கவலைகள் நியாயமானவை. ஆனாலும், அவை ஆளையே சாய்த்துவிடாமல் காக்கச் சில பழக்கங்கள் உதவும்.

● தூக்கம்தான் முதல். எத்தனை மணிக்குப் படுத்தாலும் எழும் நேரத்தை மாற்றாதீர்கள். எழுந்ததும் அரை மணி நேரம் வெளியே நடங்கள். காலை வெளிச்சம் பட்டால் இரவுத் தூக்கம் சீராகும். மாலையில் டீ, காபியைக் குறையுங்கள். 'ஒரு கட்டிங் போட்டால் தூக்கம் வரும்' என்பதை நம்பவே வேண்டாம். மது முதலில் கண்ணை மூட வைக்கும், நடுராத்திரியில் எழுப்பிவிடும், மறுநாள் மனச்சோர்வைக் கூட்டும்.

● கடன் கணக்கை நோட்டில் எழுதி, வீட்டில் ஒருவரிடமாவது காட்டுங்கள். மறைத்து வைத்த கடன்தான் அதிகம் அழுத்தும்.

● வெளியூரில் இருக்கும் பிள்ளைகளே, தினமும் ஒரே நேரத்தில் அம்மா அப்பாவிடம் ஐந்து நிமிடம் பேசுங்கள். பணம் அனுப்புவது மட்டும் போதாது.

● சோர்வு, பசியின்மை, எதிலும் பிடிப்பில்லாமை ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். தொலைபேசியில் மனநல ஆலோசனை தர 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையின் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள், உடனே அழையுங்கள்.