ஆகஸ்ட் வரை அந்த இடுக்கை அடைக்காதீர்கள்

வடகிழக்கு அமெரிக்காவில் ஜூன் மாதம் வீட்டுப் பரணில் வௌவால் இருப்பது தெரிந்தால், எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அது நுழையும் இடுக்கை அடைத்துவிட வேண்டும் என்பதுதான். அந்த மாதத்தில் செய்யவே கூடாத வேலை அது என்பேன். கோடையில் பரணுக்கு வரும் சிறு பழுப்பு வௌவால்கள் பெரும்பாலும் தாய்கள். வெயிலில் காயும் கூரைக்கடியில் இருக்கும் சூடு, குட்டி சீக்கிரம் வளர உதவுகிறது. பிறந்த குட்டிக்கு உடம்பில் மயிர் இருக்காது, கண் திறந்திருக்காது. தாய் இரவில் பூச்சி பிடிக்கப் போகும்போது, அது உத்தரத்தைக் கால் நகங்களால் பற்றிக்கொண்டு தொங்கும். பறக்கக் கற்க மூன்று நான்கு வாரமாவது ஆகும். தாய்கள் வெளியே போன நேரம் பார்த்து அடைத்தால் குட்டிகள் பட்டினியில் சாகும், அழுகிய நாற்றம் கீழே இறங்கும். உள்ளே சிக்கிய தாய்களோ வழி தேடிப் படுக்கையறைக்குள் வந்துவிடும். நஷ்டம் வீட்டுக்காரருக்கும்தான்.

இந்த இனத்தில் ஒரு தாய் ஆண்டுக்கு ஒரே ஒரு குட்டிதான் போடும். 2006-இல் நியூயார்க் மாநிலக் குகை ஒன்றில் முதலில் தென்பட்ட வெண்மூக்கு நோய், குளிர்கால உறக்கத்தில் இருக்கும் வௌவால்களை லட்சக்கணக்கில் கொன்றிருக்கிறது. ஒரு பரண் குட்டிகளை இழந்தால் அதை ஈடுகட்ட எத்தனை ஆண்டு ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ரேபிஸ் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அமெரிக்காவுக்குள் தொற்றி மனிதர் ரேபிஸால் இறப்பதற்குப் பெரும்பாலும் வௌவாலே காரணம். கடித்த தடம் கண்ணுக்கே தெரியாமலும் போகலாம். தூங்குகிறவர் அல்லது குழந்தை இருந்த அறைக்குள் வௌவால் காணப்பட்டால் அதைத் துரத்திவிடக் கூடாது. வெறுங்கையால் தொடாமல் பிடித்துவைத்து, உடனே சுகாதாரத் துறைக்குச் சொல்ல வேண்டும். ஆனால் இந்தப் பயம் என் வாதத்தைத்தான் பலப்படுத்துகிறது. வௌவாலை அறைக்குள் தள்ளுவது அவசரப்பட்ட அடைப்பு. காத்திருக்கும் வாரங்களில் வெளி இடுக்கை விட்டுவிட்டு, பரணுக்கும் அறைகளுக்கும் நடுவே உள்ள சந்துகளை, பரண் கதவின் ஓரம் உட்பட, அடைத்துவிட்டால் போதும்.

எச்சம் நாறுமே, நோய் வருமே என்பார்கள். நியாயம்தான், அதில் வளரும் பூஞ்சை நுரையீரலைத் தாக்கக்கூடும். அதனால் காய்ந்த எச்சத்தைப் பெருக்கவே கூடாது. வௌவால்கள் போன பிறகு, முகக்கவசம் போட்டு, தண்ணீர் தெளித்து நனைத்துத்தான் அள்ள வேண்டும்.

ஆகஸ்ட் கடைசியில் குட்டிகள் பறக்கத் தொடங்கியிருக்கும். அந்தி சாயும் நேரம் வீட்டைச் சுற்றி நின்று, எந்த இடுக்கிலிருந்து வெளியேறுகின்றன என்று பாருங்கள்; விரல் அகல இடுக்கே போதும், ஓரத்தில் எண்ணெய்ப்பிசுக்காகக் கறை படிந்திருக்கும். அதன்மேல் வலையை மேலேயும் பக்கவாட்டிலும் பொருத்தி, கீழ்ப்பக்கத்தைத் திறந்து விடுங்கள். வெளியே வருபவை கீழே நழுவிப் பறந்துவிடும்; திரும்பி வருபவற்றுக்கு வழி கிடைக்காது. ஒரு வாரம் விட்டு, ஒன்றும் வெளியேறவில்லை என்று உறுதியான பிறகு அடையுங்கள். குளிர் இறங்குவதற்குள் முடித்துவிடுங்கள். ஏனென்றால் பெரும் பழுப்பு வௌவால் என்ற இன்னொரு இனம் சில வீடுகளிலேயே குளிர்காலத்தையும் கழிக்கும்.